முப்பத்தேழு புள்ளி ஆறு

குளிர்காலத்தில் ஒரு வகுப்பறைக்கு மட்டும் காய்ச்சல் வந்திருந்தது.

சர்வேயர் அந்த நீளத் தாளைத் தன் வீட்டு மேசைமேல் விரித்தார். சுருண்டுகொண்டே போன மூலைகளில் கண்ணாடிக் கூட்டையும் ஸ்டேப்ளரையும் சாவிக்கொத்தையும் வைத்தார். நாலாவது மூலைக்கு ஒன்றும் அகப்படாமல், ரேடியோவின் கையிலிருந்த டீ டம்ளரை வாங்கி வைத்தார்.

"பாதிதான் குடிச்சேன்" என்றான் ரேடியோ.

"மீதிக்கு வெயிட் இருக்கு. அப்படியே இருக்கட்டும்."

காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்தாறு வருடம், எரிந்த கடைகளையும் மூழ்கிய கிடங்குகளையும் சுற்றிப் பார்த்து, எது விபத்து, எது யாரோ செய்த வேலை என்று எழுதிக் கொடுத்த பெண்மணி அவர். ஓய்வு பெற்ற பிறகும் சர்வேயர் என்ற பெயர் போகவில்லை. ரேடியோ அதே காலத்தில் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தவன். நாற்பத்தெட்டு வயது, இப்போது சர்வேயருக்குத் துணை. வாயை மூடியே பழக்கமில்லை, அதனால் அந்தப் பெயர்.

எதிரே இரண்டு ஆசிரியைகள். அழுது முடித்தவர் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவருடைய கைப்பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவர் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர். பள்ளியில் குழந்தைகள் வைத்த பெயர் குட்டி டீச்சர். சர்வேயரின் நம்பரைத் தேடிப் பிடித்து இங்கே கூட்டி வந்ததும் அவர்தான்.

விஷயம் இதுதான். தொடக்கப்பள்ளி வகுப்பறைகளுக்காகக் கல்வி அலுவலகம் ஒரு நிதி ஒதுக்கியிருந்தது. பள்ளிக்கு ஒரே ஒரு அறை. அந்த அறைக்குக் கோடையில் குளிரும் குளிர்காலத்தில் சூடும் தருகிற மெஷின். எந்த அறை என்பதை மனிதர்கள் தீர்மானிக்க வேண்டாம் என்று, ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது அறையின் சூட்டைக் குறித்துக்கொள்ளும். பள்ளி நேரத்தில் பதினாறு டிகிரிக்குக் கீழே போனாலோ முப்பத்திரண்டுக்கு மேலே போனாலோ அது கெட்ட நேரம். வருடக் கடைசியில் எந்த அறைக்குக் கெட்ட நேரம் அதிகமோ அதற்கே மெஷின். அரையாண்டில் ஒட்டிய பட்டியலில் மூன்றாம் வகுப்பு அறை முதலில் இருந்தது. ஒன்றாம் வகுப்பு நடக்கும் தகரக் கொட்டகை முப்பது மணி நேரம் பின்தங்கி இரண்டாவதாக இருந்தது.

போன வாரம் பெட்டிகளைத் திறந்து தாளில் அச்சடித்தபோது, மூன்றாம் வகுப்புப் பெட்டியில் குளிர்காலத்து நாலு நாட்கள் அலுவலகத்தையே சிரிக்க வைத்தன. பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கை தேய்த்துக்கொண்டிருந்த நாட்களில் அறை முப்பத்தேழு புள்ளி ஆறு டிகிரியில் இருந்ததாகப் பெட்டி சொன்னது. மெஷினுக்கு ஆசைப்பட்டு டீச்சரே பெட்டிக்குச் சூடு காட்டினார் என்று முடிவு கட்டி, பதினோரு நாளாக அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்று நாலு மணிக்குப் பள்ளி நூலகத்தில் கடைசி விசாரணை. அதில் தப்பிக்காவிட்டால் வேலை போகும். இனி எந்தப் பள்ளியிலும் கரும்பலகைப் பக்கம் போக முடியாது.

"பத்தொம்பது வருஷம்" என்றார் டீச்சர். "ஒரு பிள்ளையோட பென்சிலைக்கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதில்லைங்க."

சர்வேயர் மறுபடி தாளைப் பார்த்தார். அந்த நாலு நாட்களில் மற்ற அறைகளின் பெட்டிகள் என்ன காட்டின என்று கேட்டார். குட்டி டீச்சர் கைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்துக் கொடுத்தார். பள்ளி முழுக்கப் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிதான். காலை முதல் மாலை வரை ஒரு அறைகூடப் பதினாறைத் தொடவில்லை.

"அப்படின்னா அந்த நாலு நாளும் உங்க அறைக்குச் சும்மாவே கெட்ட நேரம்தான்" என்றார் சர்வேயர். "பெட்டியைத் தொடாம விட்டிருந்தாலே முழுக் கணக்கும் உங்களுக்கு வந்திருக்கும். சூடு காட்டினதால ஒரு நிமிஷம்கூடக் கூடல."

ரேடியோ தலையைச் சொறிந்தான். "மழையில நனைஞ்சவன் மேல பக்கெட்ல தண்ணி ஊத்தின மாதிரி."

"ஆமா. லாபத்துக்குப் பண்ணின வேலை இல்ல இது. யாராவது பார்க்கணும்னு பண்ணினது. இந்தப் பெட்டியை யாரும் நம்பக் கூடாதுன்னு பண்ணினது."

மூன்றாம் வகுப்பு டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினோரு நாளில் முதல் தடவையாக ஒருவர் தன் பக்கம் பேசுகிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. குட்டி டீச்சர் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்று சர்வேயர் கேட்டார். ஒரு விநாடி தள்ளி, தன்னிடம் மட்டும்தான் என்றார் டீச்சர். விசாரணையிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அந்தப் பதில்தான் அவர் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது.

இருவரும் போன பிறகு ரேடியோ தாளின்மேல் குனிந்தான். மாதம் முழுக்கக் கோடு பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் நடுவே ஏறி இறங்கித் தடுமாறிக்கொண்டிருந்தது. அந்த நாலு நாட்களில் மட்டும் மேலே ஏறி, ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராகப் படுத்திருந்தது.

"அக்கா, ரூம் சூடு இப்படி நேரா போகாது. ஜன்னலைத் திறந்தா இறங்கும், நாப்பது பிள்ளைங்க உள்ள வந்தா ஏறும். அடுப்புல வெச்சா ஏறிக்கிட்டே போகும். இது ஒரு இடத்துல போய் நின்னுடுச்சு. உள்ள தெர்மோஸ்டாட் இருக்கு."

"ஃப்ரிட்ஜ்ல இருக்குமே, அளவு வந்ததும் தானா நிறுத்துற சுவிட்ச். அதுவா?"

"அதேதான். இந்தப் பெட்டியை வேற ஏதோ பெட்டிக்குள்ள வெச்சிருக்காங்க. இன்னொண்ணு பாருங்க. நாலு நாளும் ஒவ்வொரு தடவை மூணரை மணி நேரம். ஆறாம் தேதியும் பதிமூணும், காலையில ஒம்பதுல இருந்து பன்னிரண்டரை. பதினொண்ணும் இருபதும், பன்னிரண்டரையில இருந்து நாலு. களவாணி வேலை பண்றவன் பத்து நிமிஷத்துல எடுத்துட்டு ஓட மாட்டானா? இவன் சினிமா பார்த்துட்டு வந்த மாதிரி சாவகாசமா வந்து எடுத்திருக்கான்."

சர்வேயர் பார்த்த தேதிகளை எல்லாம் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். அது அவர் பழக்கம். நோட்டுப் புத்தகம் தொலைந்துபோகும், கை தொலையாது என்பார்.

*

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் கடை ஒரு சந்தின் முனையில் இருந்தது. கதவு கழற்றிய மூன்று ஃப்ரிட்ஜுகள் வாசலில் வரிசையாக நின்றன. அதில் ஒன்றுக்குள் மெக்கானிக் தன் சாப்பாட்டுப் பையையும் செருப்பையும் வைத்திருந்தார். ரேடியோவைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, போன வருடம் கடன் வாங்கிய ஸ்குரூ டிரைவர் எங்கே என்பது. ரேடியோ அதைத் தேடிக்கொண்டிருப்பதாகவும், கிடைத்தால் அதோடு சேர்த்துத் தன் நிம்மதியும் கிடைக்கும் என்றும் சொன்னான்.

சர்வேயர் தாளைக் காட்டினார். மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, கோட்டின் மேல் விரல் வைக்காமல் பார்த்தார்.

வெந்நீர் ஹீட்டர் என்றால் ஐம்பதுக்கு மேலே நிற்கும் என்றார். இஸ்திரிப் பெட்டி நூறைத் தாண்டும். அறை ஹீட்டரில் முப்பதுக்கு மேல் வைக்கவே முடியாது. முப்பத்தேழு புள்ளி ஆறை விடாமல் பிடித்து வைக்கிறதென்றால் அவருக்குத் தெரிந்து இரண்டே பெட்டிதான்.

"ஒண்ணு, ஆஸ்பத்திரியில குறைமாசக் குழந்தையை வைக்கிறது. இன்னொண்ணு, கோழிமுட்டையை வெச்சுக் குஞ்சு பொரிக்கிறது, இன்குபேட்டர். உங்க ஸ்கூல்ல ரெண்டுல எது இருக்கு?"

ரேடியோ ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சர்வேயர் அதற்குள் சந்தின் பாதியில் இருந்தார்.

*

இப்போது கோடை. பகல் ஒரு மணிக்குத் தகரக் கொட்டகைக்குள் போனபோது, சர்வேயருக்கு முதலில் வந்தது ரப்பரும் வியர்வையும் கலந்த வாசனை. முப்பத்தாறு குழந்தைகள். ஆறு வயது. யாரும் ஓடவில்லை, யாரும் சண்டை போடவில்லை. பலர் கன்னத்தை பெஞ்சின் மேல் வைத்துப் படுத்திருந்தார்கள். பெஞ்சின் பலகை சூடானதும் கன்னத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். மின்விசிறி சுடுகாற்றை இங்கிருந்து எடுத்து அங்கே கொடுத்துக்கொண்டிருந்தது. ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாக அட்டை. குளிர்காலத்தில் காற்று வராமல் இருக்க ஒட்டியது, இப்போது காற்று வராமல் இருக்கிறது.

குட்டி டீச்சர் ஒரு பெண் குழந்தையின் பிடரியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார்.

இங்கே எப்போதாவது முட்டை பொரித்தீர்களா என்று சர்வேயர் கேட்டார்.

குட்டி டீச்சர் சிரித்தார். குளிர்காலத்தில் பொரித்தோம், பன்னிரண்டு முட்டை, ஒன்பது குஞ்சு வந்தது என்றார். பின்சுவரைக் காட்டினார். அங்கே ஒரு பெரிய அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே குழந்தைகளின் கை எழுதிய 'எங்கள் முட்டை' என்ற தலைப்பு. கீழே கட்டம் கட்டமாகத் தேதிகள். நாலாம் தேதி திங்கட்கிழமை தொடங்கிப் பதினெட்டு வரிசை. ஒவ்வொன்றிலும் மூன்று கட்டம்: காலை ஒன்பது, பகல் பன்னிரண்டரை, மாலை நாலு.

"முட்டையை ஒரே பக்கமா விட்டா குஞ்சு ஓட்டுல ஒட்டிக்கும்" என்று விளக்கினார். "ஒரு நாளைக்கு மூணு தடவை திருப்பி வைக்கணும். கடைசி மூணு நாள் மட்டும் தொடக் கூடாது. முறை போட்டு ஒவ்வொரு பிள்ளையா வந்து திருப்புவாங்க. திருப்பினவங்க மஞ்சள் மையில விரல் வைப்பாங்க. நான் பச்சையில டிக் போடுவேன்."

ரேடியோ அட்டையைப் பார்த்தான், சர்வேயரின் உள்ளங்கையைப் பார்த்தான், மறுபடியும் அட்டையைப் பார்த்தான். ஒன்பது, பன்னிரண்டரை, நாலு. முட்டை திருப்ப மூடி திறந்தபோது பெட்டி உள்ளே போயிருக்கிறது. அடுத்து மூடி திறந்தபோது வெளியே வந்திருக்கிறது. சினிமா பார்த்துவிட்டு வந்தவன் யாருமில்லை. மூடி திறக்கிற நேரத்துக்காகக் காத்திருந்தவர் ஒருவர் இருந்தார்.

சர்வேயர் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். பெரும்பாலான கட்டங்களில் மஞ்சள் விரலும் பச்சை டிக்கும் இருந்தன. சில கட்டங்களில் பச்சை மட்டும். சனி ஞாயிறுகளில் பிள்ளைகள் வரமாட்டார்கள், தானே வந்து திருப்பியதாக, அவர் கேட்காமலே குட்டி டீச்சர் சொன்னார்.

"இன்குபேட்டர் இங்கதான் இருந்ததா?"

"இல்லைங்க. இங்க குளிர்ல அது தாங்காது, ராத்திரி சூடு இறங்கிடும்னு கடைக்காரரே சொன்னாரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "பெரிய டீச்சர் ரூம்லதான் வெச்சிருந்தோம். ஸ்கூல்லயே அங்க மட்டும்தான் ஹீட்டர்."

வெளியே வந்ததும் ரேடியோ வேகமாக நடந்தான். தலைமை ஆசிரியையின் அறை. முட்டைக்குக் கிடைத்த ஹீட்டர் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. தலைமை ஆசிரியைக்கும் மூன்றாம் வகுப்பு டீச்சருக்கும் ஆகாது என்பது காவலாளி முதல் கடைக்காரர் வரை எல்லாருக்கும் தெரியும். போன வருடம் ஒரு கூட்டத்தில், கூரை ஒழுகுவதைத் தலைமை ஆசிரியை மறைத்துவிட்டார் என்று டீச்சர் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்.

"முடிஞ்சுது அக்கா. பெரிய டீச்சர் ரூமு, பெரிய டீச்சர் சாவி, பெரிய டீச்சர் வயித்தெரிச்சல். ரெண்டு மணிக்குள்ள முடிச்சா நான் அந்தப் பாதி டீயைப் போய்க் குடிச்சிடுவேன்."

"அது ஆறிப் போயிருக்கும்."

"கேஸும் சூடா இருக்குன்னு யாரு சொன்னா?"

*

தலைமை ஆசிரியை அவர்களை உட்காரச் சொல்லவில்லை. மேசையில் பென்சில்கள் உயர வரிசையில் இருந்தன. அறை ஓரத்தில் உறை போட்ட ஹீட்டர். அதன் பக்கத்து முக்காலியின் மேல் இன்குபேட்டர் இருந்ததற்கு அடையாளமாக, சதுரமாக ஒரு தடம்.

சர்வேயர் சுற்றி வளைக்காமல் நாலு தேதிகளைச் சொன்னார். அந்த நாட்களில் இந்த அறையில் யார் இருந்தார்கள் என்று கேட்டார்.

தலைமை ஆசிரியை பதில் சொல்வதற்கு முன் இழுப்பறையைத் திறந்து டைரியை எடுத்தார். பக்கம் திருப்பினார். ஆறு, பதினொன்று, பதின்மூன்று, இருபது. நாலு நாளும் கல்வி அலுவலகத்தில் தேர்வுக் குழுக் கூட்டம். காலை எட்டரைக்குப் போய் மாலை ஐந்துக்கு வந்திருக்கிறார். அலுவலகத்தின் வருகைச் சீட்டுகளும் அந்தந்தப் பக்கத்தில் குத்தியிருந்தன.

"நீங்க என்ன நெனச்சு வந்தீங்கன்னு தெரியுது" என்றார். "எனக்கு அந்தப் பொண்ணைப் பிடிக்காது. வாய் அதிகம். ஆனா அந்த ரூமுக்கு மெஷின் வேணும்னு முதல் லெட்டர் எழுதினது நான். நகல் இருக்கு, வேணுமா?"

ரேடியோ சுவரில் இருந்த கால அட்டவணையைக் கவனமாகப் படிக்கத் தொடங்கினான்.

சர்வேயர் இன்னும் ஒன்றுதான் கேட்டார். அவர் இல்லாத நாட்களில் முட்டையை யார் திருப்பினார்கள், இந்தக் கதவை யார் திறந்தார்கள் என்று.

"வேற யாரு? ரூம் சாவியை அவகிட்டதான் குடுத்துட்டுப் போவேன். குட்டி டீச்சர்கிட்ட."

இருவரும் வராந்தாவில் நடந்தார்கள். படிக்கட்டுக்கு வந்ததும் ரேடியோ நின்றான்.

"இல்ல அக்கா. அவங்கதானே நம்மைக் கூட்டிட்டு வந்தாங்க. பையைக்கூட அவங்கதான் தூக்கிட்டு வந்தாங்க."

சர்வேயர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தேதிகளுக்குக் கீழே, அட்டையைப் பார்த்துக்கொண்டே குறித்த இன்னொரு கணக்கு இருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை, பச்சை டிக் மட்டும் இருந்து மஞ்சள் விரல் இல்லாத கட்டங்கள் எட்டு. ஆறாம் தேதி ஒன்பதும் பன்னிரண்டரையும். பதிமூன்றிலும் அதே இரண்டு. பதினொன்றில் பன்னிரண்டரையும் நாலும். இருபதிலும் அப்படியே. பெட்டி உள்ளே போன நேரத்திலும் வெளியே வந்த நேரத்திலும் மட்டும் எந்தக் குழந்தையும் பக்கத்தில் இல்லை.

*

கோடை என்பதால் மூன்றரைக்கே சின்ன வகுப்புகள் வீட்டுக்குப் போய்விட்டன. குட்டி டீச்சர் கொட்டகையில் தனியாக பெஞ்சுகளை வரிசையாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். சர்வேயர் அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்று, எட்டுக் கட்டங்களின் மேலும் ஒவ்வொன்றாக விரல் வைத்தார். 

நாலாவது கட்டத்துக்கு வந்தபோது பெஞ்சு இழுபடும் சத்தம் நின்றது.

குட்டி டீச்சர் மறுக்கவில்லை. அதற்குத் தெம்பும் இருக்கவில்லை. போன கோடையில் இதே கொட்டகையில் ஒரு பையன் மயங்கி விழுந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்ததை முதலில் சொன்னார். அரையாண்டுப் பட்டியலில் முப்பது மணி நேரத்தில் மெஷின் கை நழுவுவதைப் பார்த்ததைப் பிறகு சொன்னார். எட்டு வயதுப் பிள்ளைகள் தாங்குவார்கள், ஆறு வயது தாங்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டதையும் சொன்னார். பெட்டி அலமாரிக்கு மேலே உயரத்தில் இருந்ததால் சில மணி நேரம் காணாமல் போனது யாருக்கும் தெரியவில்லை.

"பெட்டி பழுதுன்னு எழுதித் தூக்கிப் போடுவாங்க, ரெண்டாவதா இருக்கிற எங்களுக்கு மெஷின் வரும்னுதாங்க நெனச்சேன். குளிர்ல முப்பத்தேழுன்னு காட்டினா வேற என்ன நெனப்பாங்க? அவங்க மேல பழி போடுவாங்கன்னு சத்தியமா நெனக்கல."

"போட்ட பிறகு பதினோரு நாள் இருந்ததே."

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். காப்பீட்டுல இருந்தவங்க, மெஷின் பழுதுன்னு நீங்க எழுதிக் குடுத்தா அவங்களும் தப்பிச்சுடுவாங்க, பெட்டியும் செல்லாம போயிடும்னு…"

ரேடியோ மெல்லச் சொன்னான். "எங்களையும் ஒரு முட்டையாத் திருப்பி வைக்கப் பார்த்தீங்க."

ஒரு சந்தேகம்தான் அவனுக்கு மிச்சம் இருந்தது. பத்து நிமிடம் வைத்து எடுத்திருந்தால்கூடப் பெட்டி முப்பத்தேழு காட்டியிருக்கும். யாருக்கும் நேரம் தெரிந்திருக்காது. எதற்காக மூன்றரை மணி நேரம் விட வேண்டும்?

குட்டி டீச்சர் அவனை வினோதமாகப் பார்த்தார். இது என்ன கேள்வி என்பது போல.

"நடுவுல மூடியைத் திறந்தா சூடு இறங்கிடும். உள்ள உயிர் இருக்குதுங்க."

சர்வேயர் கடைசியாக இருந்த முடிச்சைக் கேட்டார். மாடியில் இருக்கும் மூன்றாம் வகுப்பு அறை வகுப்பு இல்லாத நேரத்தில் பூட்டியிருக்குமே, சாவி அந்த டீச்சரிடம் மட்டும்தானே என்று.

"என்கிட்ட ஒண்ணு இருக்கு."

சொன்னது குட்டி டீச்சர் இல்லை. விசாரணைக்கு வந்த மூன்றாம் வகுப்பு டீச்சர் வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

"அப்படித்தானே நீ சொல்லணும்?" என்றார் குட்டி டீச்சரிடம். "எட்டு வருஷமா இருக்கு. நான் லேட்டானா நீ திறந்து விடணும்னு நான்தான் குடுத்தேன்." பிறகு சர்வேயரைப் பார்த்தார். "ரெண்டு விசாரணையிலயும் கேட்டாங்க. இவ பேரு இதுல எதுக்கு வரணும்னு நான் சொல்லல. காலையில உங்ககிட்டயும் சொல்லல. இவ பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா."

"அக்கா…"

"வேலைக்கு வந்த புதுசுல ஒரு வருஷம் இவ என் வீட்லதாங்க சாப்பிட்டா."

குட்டி டீச்சர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆறு வயதுக் குழந்தைகளுக்கான பெஞ்சுகளுக்கு நடுவே அவர் பெரிதாகத் தெரிந்தார். என் பிள்ளைகளுக்காகத்தான் அக்கா, எனக்காக இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்றாம் வகுப்பு டீச்சர் அதைக் கேட்டுக்கொண்டே கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். அட்டை ஒட்டிய ஜன்னல், மின்விசிறி, கூரைத் தகரத்தின் ஆணித் துளைகளில் ஒழுகும் வெயில்.

"மெஷின் வகுப்புக்கா வருது? ரூமுக்குத்தானே வருது" என்றார். குரல் உயரவில்லை. "மாடி ரூம் எனக்கு வேணும் அக்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, உன் பிள்ளைங்களை மேல அனுப்பிட்டு நான் இங்க வந்திருப்பேன். பெஞ்சு தூக்குற வேலை ஒண்ணுதான். அரை நாள் ஆகியிருக்கும்."

குட்டி டீச்சர் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். இந்த வழி அவருக்குத் தோன்றவே இல்லை என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது. குற்றம் பிடிபட்டபோது இல்லாத பயம் இப்போதுதான் அதில் வந்தது.

*

நூலகத்தில் விசாரணை இருபத்தைந்து நிமிடம்தான் நடந்தது. சர்வேயர் அட்டையையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விசாரணை அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, போட்டு, மறுபடி கழற்றினார். நாலு நாட்களை எல்லா அறைகளின் கணக்கிலிருந்தும் எடுத்துவிட்டால் மீதி வருடம் அப்படியே செல்லும், மூன்றாம் வகுப்பு அறைதான் இப்போதும் முதலில் நிற்கிறது என்று சர்வேயர் சொன்னார். அதிகாரி உதவியாளரைக் கூட்டிப் பார்க்கச் சொன்னார். உதவியாளர் இரண்டு தடவை கூட்டிவிட்டுத் தலையசைத்தார்.

குட்டி டீச்சர் தன் வாக்குமூலத்தைத் தானே எழுதினார். ஒன்றாம் வகுப்புக்கு எழுதிக் காட்டும் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் முழுசாக. அடித்தல் திருத்தம் ஒன்றுகூட இல்லை.

திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரலாம் என்று அதிகாரி மூன்றாம் வகுப்பு டீச்சரிடம் சொன்னார். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்றும் கேட்டார். மன்னிப்பையோ தண்டனையையோ அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும், பேனாவைத் தயாராகப் பிடித்திருந்தார்.

ஒரே ஒரு கோரிக்கை என்றார் டீச்சர். அடுத்த வருடப் பதிவேட்டில் ஒன்றாம் வகுப்பை மாடி அறை என்று எழுத வேண்டும். அப்படியானால் தகரக் கொட்டகையில் யார் இருப்பார்கள் என்று அதிகாரி கேட்டார்.

"நான் இருப்பேன். என் பிள்ளைங்க கொஞ்சம் பெரியவங்க."

மூலையில் குட்டி டீச்சர் முகத்தை மூடிக்கொண்டார். திங்கட்கிழமை அந்த ஒன்றாம் வகுப்பு எந்த அறையில் இருந்தாலும் அதற்குப் பாடம் எடுப்பது வேறு யாராகவோ இருக்கும். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

உதவியாளர் வாக்குமூலத் தாளைச் சாட்சிக் கையெழுத்துக்காக மூன்றாம் வகுப்பு டீச்சர் முன்னால் தள்ளினார். அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. உதவியாளர் அதை நிரப்பப் பேனாவை வாங்கிக்கொண்டார்.

"வாக்குமூலம் குடுத்தவங்க உங்களுக்கு என்ன உறவுன்னு கேட்டிருக்குங்க. என்ன போடட்டும்?"

அறையில் இருந்த எல்லாரும் அந்தப் பதிலுக்குக் காத்திருந்தார்கள். குட்டி டீச்சர் கையை முகத்திலிருந்து எடுத்திருந்தார்.

"இங்க வேலை பார்த்தவங்க" என்றார் டீச்சர். "அப்படிப் போட்டுக்கோங்க."